நைட் ஷிப்ட் ஆளுக்கு ஒரு பக்கம்

ஜவுளித் தொழில்நுட்பப் பொறியியலில் கடைசி செமஸ்டர் படிக்கும் ஒரு மாணவி. திருப்பூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்துக்குப் பயிற்சிக்கு வருகிறாள். கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு காலத்தில் சாயப்பட்டறை மாஸ்டர், பிறகு கல்லூரிகளில் பாடமும் எடுத்தவர். "தொழில்நுட்ப எழுத்தில் நான் எப்படி வளர்ந்தேன்" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது கல்லூரி. எழுதியதை அவரிடம் கொண்டுவருகிறாள்.

மாணவி: ஒரு பக்கந்தானுங்கய்யா. நீங்க பாத்துட்டா நாளைக்கே குடுத்திருவேன்.

ஆசிரியர்: நீயே படி கண்ணு. இங்கிலீஷ்ல எழுதியிருந்தாலும் தமிழ்லயே சொல்லு, எனக்கு அர்த்தம்தான் வேணும்.

மாணவி: "நான்கு ஆண்டுகளில் என் எழுத்துத் திறன் கணிசமாக வளர்ந்துள்ளது. தெளிவு, சுருக்கம், துல்லியம் ஆகியவற்றின் தேவையை உணர்ந்துள்ளேன். வாசகரை மனதில் வைத்து எழுதக் கற்றுக்கொண்டேன்." இப்படிப் போகுதுங்க.

ஆசிரியர்: துணி கணிசமாச் சுருங்குதுன்னு ரிப்போர்ட் வந்தா நான் கையெழுத்துப் போடுவனா?

மாணவி: மாட்டீங்க. நீளத்துல எத்தனை சதவீதம், அகலத்துல எத்தனை, எத்தனை டிகிரியில துவைச்சது, கொடியில காயவச்சதா டம்ளர்ல போட்டதான்னு கேப்பீங்க.

ஆசிரியர்: அதையே உனக்கும் கேட்டா?

மாணவி: நான் துணி இல்லீங்களே. என்னோட வளர்ச்சியை எந்த மெஷின்ல போட்டுப் பாக்கறது?

ஆசிரியர்: நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ரெண்டு ரிப்போர்ட் எடுத்துட்டு வரச் சொன்னேன். முதல் வருஷத்துது எங்கே?

மாணவி: இருக்குதுங்க. ரெக்கார்டு நோட்டு. இலக்கணமெல்லாம் தப்பு, பாக்கவே கூச்சமா இருக்கு. "ரோலில் ஐந்து இடத்தில் வட்டம் வெட்டினோம். ஓரத்தில் வெட்டியது மட்டும் எடை குறைவாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அன்று காலை மழை. துணி ஜன்னல் ஓரம் கிடந்தது."

ஆசிரியர்: இந்த வருஷத்துது?

மாணவி: "மாதிரிகள் நியமச் சூழலில் பதப்படுத்தப்பட்டு, பரப்பெடை (சதுர மீட்டருக்குக் கிராம், ஜி.எஸ்.எம்.) கணக்கிடப்பட்டது. சராசரி 180 ஜி.எஸ்.எம். வாங்குபவரின் தேவைக்கு ஒத்துள்ளது."

ஆசிரியர்: ரெண்டுல எது நல்லாருக்கு?

மாணவி: இதென்னங்க கேள்வி. ரெண்டாவதுதான்.

ஆசிரியர்: ரெண்டாவதுல சராசரி போட்டிருக்கியே, அந்த அஞ்சு நம்பர் என்னென்ன?

மாணவி: நோட்டுல இருக்குதுங்க. 174, 178, 180, 183, 185.

ஆசிரியர்: பையர் எவ்வளவு விட்டுக்குடுத்திருக்கான்?

மாணவி: 180-க்கு மூணு சதவீதம் கூடலாம், குறையலாம். அப்படின்னா 174.6-ல இருந்து 185.4 வரைக்கும்... ஆனா சராசரி சரியா 180 வருதுங்களே.

ஆசிரியர்: சராசரியை யாரு உடுத்தறாங்க? அந்த 174 இருக்கற இடத்துலயும் கட்டிங் மாஸ்டர் மார்க்கர் விரிப்பாரு, அங்கேயும் ஒரு டீ-ஷர்ட் விழும். இப்ப உன் முதல் வருஷ நோட்டை மறுபடி பாரு. அது மழையைச் சொல்லுது. பஞ்சு காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். நியமச் சூழல்னு நீ ஒரே சொல்லுல முடிச்சது, 65 சதவீத ஈரப்பதம். அந்த ஈரத்துல பருத்தி கிட்டத்தட்ட எட்டு சதவீதம் தண்ணியைத் தாங்கி நிக்கும். மழைநாள்ல திறந்து கிடந்தா இன்னும் கூடும். அப்ப மழையில துணி எடை என்ன ஆகும்?

மாணவி: கூடும்.

ஆசிரியர்: உன் ஓரத்து வட்டம்?

மாணவி: குறைஞ்சிருக்கு. அப்ப மழை காரணமில்லைங்க. துணியை விரிச்சுக் காயவைக்கற ஸ்டென்டர்ல ஓரம் இழுபட்டிருக்கலாம். இல்லைன்னா காம்பாக்டிங்ல ஓரத்துக்குச் சரியாத் துணி ஊட்டலை.

ஆசிரியர்: இப்ப இதைக் கண்டுபிடிச்சது நாலாம் வருஷத்து மூளை. ஆனா கண்டுபிடிக்கறதுக்கு வழி விட்டது முதல் வருஷத்து நோட்டு. அந்தப் புள்ளை தனக்குத் தெரியாததையும் எழுதி வச்சிருக்கா. இலக்கணம் தெரியலை, ஜன்னல் ஓரம்னு எழுதணும்னு தெரிஞ்சிருக்கு.

மாணவி: அப்ப நான் வளரவே இல்லைங்கறீங்களா? தேஞ்சுட்டேனா?

ஆசிரியர்: அவசரப்படாதே. வளர்ந்திருக்கே. வளரும்போது எதை வழியில போட்டுட்டு வந்தேங்கறது இந்தப் பக்கத்துல இல்லை.

மாணவி: போடச் சொன்னதே நீங்கல்லாம்தானுங்க. "நோட்டுல கதை எழுதாதே"ன்னு எத்தனை தடவை சிவப்பு மை! மழையெல்லாம் எதுக்குன்னு ஒரு சார் சுழிச்சே விட்டிருக்காரு, பாருங்க.

ஆசிரியர்: பாத்தேன். அவரு சுழிச்சதுலயும் ஒரு காரணம் இருக்கும். வகுப்புல அறுபது நோட்டு திருத்தணும். அதைவிடு. பரீட்சைக்கு எழுதறபோது யாருக்கு எழுதறோம்னு என்னைக்காச்சும் யோசிச்சியா? விடை ஏற்கெனவே தெரிஞ்ச ஒருத்தருக்கு. அப்படி ஒரு வாசகர் கல்லூரிக்கு வெளியில எங்கேயும் கிடையாது. "சாலைப் பாதுகாப்புக்கு எட்டுப் பரிந்துரைகள் எழுதுக"ன்னு அண்ணா பல்கலைக்கழகத் தாள்ல வருஷா வருஷம் வருமே...

மாணவி: எட்டு அறிவுறுத்தல்கள், எட்டுப் பரிந்துரைகள். மனப்பாடமா வச்சிருக்கோம்.

ஆசிரியர்: எந்த மெஷினாவது எட்டு அறிவுறுத்தலோட நிக்குமா? மூணுல முடியற வேலையும் இருக்கு, முப்பது ஆகறதும் இருக்கு. பரீட்சைக்காரருக்கு எட்டு வேணும், ஏழு எழுதினா மார்க் குறையும். அதனால எட்டாவதா "எச்சரிக்கையாக இருக்கவும்"னு ஒண்ணைச் சேர்க்கறீங்க. மிகைபடக் கூறல்னு இதுக்கு நன்னூல்லயே பேர் இருக்கு.

மாணவி: நன்னூல் இலக்கணப் புத்தகம்தானுங்களே?

ஆசிரியர்: எழுத்து, சொல் இலக்கணத்துக்கு முன்னால ஒரு பாயிரம் இருக்கு. நூல்னா எப்படி இருக்கணும், அதுல என்னென்ன குற்றம் வரும், பாடம் சொல்றவன் எப்படி, கேக்கறவன் எப்படின்னு போகும். குற்றம் பத்து, அழகு பத்து. பதிமூணாம் நூற்றாண்டு. எழுதின பவணந்தி சமண முனிவர். பெருந்துறை போற வழியில விஜயமங்கலம் சமணக் கோயிலோட அவர் பேரைச் சேத்துச் சொல்லுவாங்க. நம்ம ஊர்க்காரர்னு வச்சுக்கோ. தொழில்நுட்ப எழுத்துக்குப் பாடநூல் தேடி நீங்க அமெரிக்கா வரைக்கும் போறீங்க, எனக்குச் சிரிப்பா வரும். குறைச்சுச் சொன்னாலும் குற்றம், தேவைக்கு மேல சொன்னாலும் குற்றம்னு அவர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. உன் பக்கத்துல சுருக்கம்னு மட்டும் இருக்கு. அஞ்சு நம்பரை ஒண்ணாச் சுருக்குனது எந்தக் குற்றத்துல சேரும்?

மாணவி: குன்றக் கூறல்.

ஆசிரியர்: மாணாக்கரையும் அதுலயே தரம் பிரிச்சிருக்காரு. கிளியை நடுத்தரத்துல வச்சாரு, கடைசியில வைக்கலை. சொன்னதைச் சொல்லவாவது செய்யுமேன்னு இரக்கம்போல.

(இந்த இடத்தில் ஆசிரியர் பவணந்தியை விட்டு வர மனமில்லாமல் நெடுநேரம் பேசுகிறார். மாணவிக்குப் பொறுமை இருந்தது, அச்சில் இடம் இல்லை.)

மாணவி: சரிங்கய்யா. பரீட்சைக்காரர் பொய்யான வாசகர்னா உண்மையான வாசகர் யாரு?

ஆசிரியர்: ராத்திரி ரெண்டு மணிக்கு உன் தாளைக் கையில வச்சுட்டு மெஷின் முன்னால நிக்கறவன். உன் போன் ஆஃப்ல இருக்கு. லாட் உள்ள போயிருச்சு. இந்த ரெசிபி கார்டைப் பாரு, பழசு. முன்னூறு கிலோ சிங்கிள் ஜெர்ஸி. சாயம் 2 சதவீதம், உப்பு லிட்டருக்கு 60 கிராம். போடு பாக்கலாம்.

மாணவி: சாயம் துணி எடைக்கு. 300-ல ரெண்டு சதவீதம் 6 கிலோ. உப்பு தண்ணிக்கு... தண்ணி எவ்வளவுன்னு இல்லீங்களே?

ஆசிரியர்: இல்லை. எழுதினவருக்குத் தெரியும், அந்தப் பட்டறையில எப்பவும் ஒண்ணுக்கு எட்டு, கிலோ துணிக்கு எட்டு லிட்டர். அதனால எழுதலை.

மாணவி: அப்ப 2400 லிட்டர், உப்பு 144 கிலோ. ஆனா புதுசா வந்த ஆளு ஒண்ணுக்கு ஆறுன்னு ஓட்டிப் பழகினவரா இருந்தா 1800 லிட்டர், 108 கிலோ. முப்பத்தாறு கிலோ வித்தியாசம். ஷேடு மாறிரும்.

ஆசிரியர்: அந்தக் கார்டுல தெளிவு இருக்கு, சுருக்கம் இருக்கு. ஒரே கார்டுல ரெண்டு அளவு முறை, ஒண்ணு துணியைப் பாத்து, ஒண்ணு தண்ணியைப் பாத்து. அது இந்தத் தொழில்ல பழகின வழக்கம், தப்பில்லை. ரெண்டையும் இணைக்கற ஒரு வரிதான் எழுதினவர் தலைக்குள்ளயே தங்கிப்போச்சு.

மாணவி: 1999-ல நாசாவோட செவ்வாய்க் கலம் இப்படித்தானுங்க போச்சு. ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்கு. வகுப்புல சொன்னாங்க.

ஆசிரியர்: எல்லா வகுப்புலயும் சொல்றாங்க. செவ்வாய் வரைக்கும் போகணுமா? அமெரிக்க பையர் டெக் பேக்ல 5.3 அவுன்ஸ்னு போடுவான், சதுர கெஜத்துக்கு. நாம 180 ஜி.எஸ்.எம்.னு பேசறோம். ரெண்டும் ஒண்ணுதான். மெர்ச்சண்டைசர் மாத்தி எழுதினா நிட்டிங்க்காரருக்கு லூப் நீளம் எவ்வளவு வைக்கறதுன்னு புரியும். நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த 60 கிராமை இன்னொருத்தர் எப்படிப் படிப்பாருன்னு கேக்கறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அலகுல சொல்லு.

மாணவி: அவங்க மில்லிகிராம்ல கேப்பாங்க. லிட்டருக்கு 60,000 மில்லிகிராம்.

ஆசிரியர்: ஆத்துல விடறதுக்கு அவங்க வச்ச எல்லை?

மாணவி: கரைஞ்ச உப்பு மொத்தமும் சேத்து 2,100.

ஆசிரியர்: அலசற தண்ணியெல்லாம் சேந்தா அடர்த்தி குறையும். ஆனா அந்த 144 கிலோ எங்கேயும் போகாது. அதை 2,100-க்குக் கொண்டுவரணும்னா மொத்தம் எத்தனை லிட்டர் தண்ணி வேணும்?

மாணவி: 144 கிலோவை 2.1 கிராமால வகுத்தா... அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல வருதுங்க. முன்னூறு கிலோ துணிக்கு!

ஆசிரியர்: ஒரு லாட்டுக்கு. ஒரு நாளைக்கு எத்தனை லாட், எத்தனை பட்டறை! 1992-ல ஒரத்துப்பாளையத்துல நொய்யல் குறுக்கே அணை கட்டித் திறந்தாங்க, பாசனத்துக்கு. சாயக்கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணி வயலுக்கு ஆகாமப் போச்சு. வழக்கு வருஷக்கணக்கா நடந்தது. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் கழிவை வெளியிலயே விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே நின்னுது, உனக்கு அப்ப விவரம் தெரியாத வயசு.

மாணவி: அம்மா சொல்லுவாங்க. வேலையில்லாம பாதிப் பேர் ஊருக்குப் போயிட்டாங்கன்னு. ஆனா ஐயா, இதைக் கார்டு எழுதினவர் மேல போடறது நியாயமா? அவருக்கு ஷேடு வரணும், துணி போகணும். அணையைப் பத்தி அவர் எதுக்கு யோசிக்கணும்?

ஆசிரியர்: அவர் மேல நான் போடலை. அவர்கிட்டக் கேட்டது துணி, அவர் துணிக்கு எழுதினாரு. தண்ணி எங்க போகுதுன்னு எழுத அந்தக் கார்டுல கட்டமே இல்லை. கட்டம் போட்டவங்க நாலு பேர் சேந்து உக்காந்தவங்க, அதுல படிச்சவங்களும் உண்டு. இப்பப் பாரு, உப்புத் தண்ணியையே சுத்தம் பண்ணித் திருப்பிச் சாயத்துக்குக் குடுக்கற பட்டறையில, வர்ற தண்ணியில ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்குன்னு எழுதாம அடுத்த லாட்டைத் தொட முடியாது. கோர்ட்டு ஒரு கட்டத்தைச் சேத்துது. அதே கட்டத்தை முன்னாடியே ஒரு பொறியாளர் பென்சில்ல போட்டிருந்தா ஆறு பிழைச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன், அவ்வளவு சக்தி எழுத்துக்குக் கிடையாது. கண்ணுலயாவது பட்டிருக்கும்.

மாணவி: அப்ப வாசகர் ஒருத்தர் இல்லைங்க. பரீட்சைக்காரர் போய் நைட் ஷிப்ட் ஆளு வந்தாரு, அவருக்குப் பின்னால வாரியம், அதுக்குப் பின்னால ஒரத்துப்பாளையத்து விவசாயி. இவ்வளவு பேருக்கும் ஒரு கார்டுல எழுத முடியுமா?

ஆசிரியர்: முடியாது. யாருக்கு எழுதலைன்னு தெரிஞ்சு எழுதலாம்.

மாணவி: இன்னொண்ணு கேக்கணும். நைட் ஷிப்ட் ஆளுங்கறீங்க. இப்ப லைன்ல பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். நான் இங்கிலீஷ்லயோ தமிழ்லயோ எழுதினா அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அவங்களை வாசகர்னு சொல்றது நமக்கு நாமே சொல்லிக்கற சமாதானம் இல்லீங்களா?

ஆசிரியர்: நல்லாக் கேட்டே. பதிலுக்கு முன்னால, நீ போன வாரம் பாத்த கம்பெனியில ஊசி உடைஞ்சா என்ன பண்றாங்க?

மாணவி: அதுக்குன்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்குதுங்க. ஊசி உடைஞ்சதும் மெஷினை நிறுத்தி, துண்டையெல்லாம் தேடி எடுத்து, முழு ஊசி ஆகுதான்னு சேத்து வச்சுப் பாத்து, செல்லோடேப் போட்டு அந்தப் பக்கத்துலயே ஒட்டறாங்க. தேதி, மெஷின் நம்பர், கையெழுத்து. அப்பறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கலைன்னா பக்கத்துல இருக்கற பீஸெல்லாம் தனியா எடுத்து மெட்டல் டிடெக்டர்ல விடறாங்க.

ஆசிரியர்: திருப்பூர்ல எழுதப்படற தொழில்நுட்ப ஆவணத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். எங்கேயோ ஒரு குழந்தை சட்டையில ஊசிமுனை இருந்துரக் கூடாதுங்கறதுக்காக வந்த ஏற்பாடு. "ஊசித் துண்டு முழுமையாக மீட்கப்பட்டது"ன்னு யாரு வேணும்னாலும் எழுதிரலாம். அங்க அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை, துண்டே ஒட்டியிருக்கு. முனை இல்லைன்னா ஒடிசாக்காரப் பொண்ணுக்கும் தெரியும், ஜெர்மனியில இருந்து வர்ற ஆடிட்டருக்கும் தெரியும். சீல் போட்ட சாம்பிளும் அப்படித்தான். கலர், கைக்கு மெத்துனு இருக்கறது இதெல்லாம் எழுத்துல நிக்காதுன்னு தெரிஞ்சவங்க, அந்தத் துணியையே கையெழுத்துப் போட்டுத் தொங்கவிட்டாங்க. நீ கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில்தான். மீதிப் பாதிக்கு ஒடியா கத்துக்கணும், இல்லைன்னா கத்தவங்களைக் கூட உக்கார வச்சு எழுதணும். கோயமுத்தூர்ல ஜி.ஆர். தாமோதரன், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர், 1948-லயே கலைக்கதிர்னு தமிழ்ல அறிவியல் மாசப் பத்திரிகை ஆரம்பிச்சாரு. இங்கிலீஷ் தெரியாதவனும் வாசகன்தான்னு அவருக்குத் தோணியிருக்கு. இப்ப இருக்கற தொழிலாளி மொழிக்கு அந்த மாதிரி யாரும் எனக்குத் தெரிஞ்சு இன்னும் உக்காரலை.

மாணவி: எனக்கு இப்ப ஒரு குழப்பம். தொழில்நுட்ப எழுத்துல 'நான்' வரக்கூடாதுன்னு நாலு வருஷம் பழக்கினாங்க. "எடை எடுக்கப்பட்டது", "கணக்கிடப்பட்டது". இந்தப் பக்கத்துல மட்டும் முழுக்க 'நான்' எழுதணுங்கறாங்க. அங்க மறைஞ்சு நின்னவ இங்க வந்து என்னத்தைப் பேசறது?

ஆசிரியர்: அங்க எதுக்கு மறைஞ்சே?

மாணவி: யார் செஞ்சாலும் அதே நம்பர் வரணும், அதனால செஞ்சவங்க முக்கியமில்லை.

ஆசிரியர்: நல்ல காரணம். ஆனா அந்த 174-ஐ வெட்டினது யாரு? எந்தக் கட்டர்? அன்னைக்கு பிளேடு புதுசா? வேற நம்பர் வந்துருச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது? பெருமைக்கு 'நான்' வேண்டாம். கேள்வி கேக்க வர்றவனுக்கு விலாசமா இருக்கட்டும்.

மாணவி: அது ரிப்போர்ட்டுக்கு. இந்தப் பக்கத்துக்கு?

ஆசிரியர்: உண்மையைச் சொல்லட்டுமா? இந்த மாதிரி பக்கங்களை எனக்குப் பிடிக்காது. தன் வளர்ச்சியைத் தானே அளக்கறதுல அளவுகோலும் துணியும் ஒண்ணாப் போகுது. "வளர்ந்தேன்"னு எழுதச் சொன்னா எல்லாரும் வளர்ந்துதான் இருப்பாங்க. வளரலைன்னு எழுதினவளுக்கு யாரு மார்க் போடுவாங்க?

மாணவி: அப்ப எழுதாம விட்டுரலாமா?

ஆசிரியர்: விட வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் இதுல எழுதலாம், வேற எங்கேயும் எழுத முடியாதது. எழுதினதை யாரு வேணும்னாலும் படிச்சு நல்லாருக்கு, மோசம்னு சொல்லிருவாங்க. நீ பாத்தும் எழுதாம விட்டது எதுன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

மாணவி: 174.

ஆசிரியர்: அது ஒண்ணு. அதை விடும்போது என்ன நினைச்சே?

மாணவி: ஒண்ணும் நினைக்கலைங்க. மாதிரி ரிப்போர்ட்ல சராசரிக்கு மட்டும்தான் இடம் இருந்துச்சு. நிரப்பினேன். விட்டோம்ங்கற நினைப்பே வரலை. மழையை எழுதின வருஷத்துல எதை விடறதுன்னு தெரியாம எல்லாத்தையும் எழுதினேன். அது நேர்மைன்னு சொல்ல முடியாதுங்கய்யா, தெரியாத்தனம்தான்.

ஆசிரியர்: ஆமா. நான் அந்த நோட்டைக் கொஞ்சம் அதிகமாவே தூக்கிப் பிடிச்சுட்டேன்.

மாணவி: அப்ப தெரியாம எழுதினேன், இப்பத் தெரியாம விட்டேன். தெரிஞ்சு எழுதறதும் தெரிஞ்சு விடறதும் இன்னும் வரலை.

ஆசிரியர்: அதையே எழுதேன்.

மாணவி: துறைத்தலைவர் இதைப் படிச்சா வளர்ச்சி எங்கேம்மான்னு கேப்பாரு.

ஆசிரியர்: ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக் குடு. ஊசி ரெஜிஸ்டர் மாதிரி. அப்பவும் கேட்டா என் நம்பரைக் குடு.

மாணவி: இருங்க, முதல் வரியை இப்பவே எழுதிடறேன். "என் இறுதி ஆண்டு அறிக்கையில் சராசரி 180 என்று எழுதினேன். ஐந்து வட்டங்களில் ஒன்று 174. அது வாங்குபவரின் எல்லைக்கு வெளியே. அதை நான் எழுதவில்லை." சரிங்களா?

ஆசிரியர்: எந்த ரோல்?

மாணவி: ஏழாவது ரோலுங்க.

ஆசிரியர்: ஓரத்துலயா, நடுவுலயா?

மாணவி: அது நோட்டுல இல்லீங்க. வட்டம் அஞ்சும் கவர்ல இருக்கு, ரோலும் இன்னும் கட்டிங்குக்குப் போகலை. போய்ப் பாத்துட்டு வர்றேன்.